படுத்திருக்கச் சொன்னவர்

இந்தக் கதிரை நல்ல கதிரை, டாக்டர் பிள்ளை. முதுகுக்கு அணைவாக இருக்கிறது. ஆஸ்பத்திரி வாட்டில் எங்களுக்குப் போட்டிருக்கிற வாங்குப் பலகையில் அரைநாள் குந்தியிருந்தால் இடுப்பு விட்டுப்போகும். எனக்கு வருவது வயதால் வருகிற நோவு. அதை ஒருவரும் படம் பிடித்துப் பார்க்கத் தேவையில்லை.

நீங்கள் கதவைச் சாத்திவிட்டு என்னை இருக்கச் சொன்னபோதே விளங்கிவிட்டது. பயம் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. நெடுந்தூரம் தலையில் சுமந்து வந்ததை யாரோ இறக்கி வையுங்கோ என்று சொன்னது மாதிரி இருந்தது. இறக்கவும் தெம்பு வேண்டுமே.

காலையில் நீங்கள் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி எனக்கும் காட்டினீர்கள். முதுகெலும்பெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, கணுக்கணுவாய் ஒரு மூங்கில் தடி மாதிரி ஆகிவிட்டது என்றீர்கள். முதுகும் இடுப்பும் சேருகிற பூட்டு இருந்த இடத்தில் பூட்டே இல்லை, ஒரே எலும்புதான். இனி இதற்கு எம்.ஆர்.ஐ எதற்கு, சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரிகிறதே என்றீர்கள். பிறகு என் மகனிடம் கேட்டீர்கள்: "முந்தி ஒருக்கா கொழும்பில எம்.ஆர்.ஐ எடுத்தனாங்கள் எண்டு சொன்னீங்கள். அப்ப டாக்டர் என்ன சொன்னவர்?"

யோகராசா நிலத்தைப் பார்த்தபடி, "படுத்திருக்கச் சொன்னவர்" என்றான்.

நீங்கள் கையில் இருந்த பேனையை மூடி வைத்தீர்கள். இந்த நோய் வந்த வருத்தக்காரனுக்கு எந்த டாக்டரும் அப்படிச் சொல்லமாட்டார் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

நான் பிறந்தது மலைநாட்டில். அது உங்களுக்கு என் பெயரிலேயே தெரிந்திருக்கும். பாலம்மா என்று இந்தப் பக்கத்தில் அவ்வளவாக வைக்கமாட்டார்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயம் எரிந்த பிறகு நானும் என் மனிசன் தங்கையாவும் லொறியில் ஏறி வவுனியாவுக்கு வந்து, அங்கேயிருந்து காட்டுப் பாதையால் பெரியமடுவுக்குப் போனோம். காடு வெட்டினோம். மற்றவர்களின் வயலில் கூலிக்கு நின்றோம். சின்ன வயதில் தோட்டத்துக்குக் கீழே ஒரு சிங்கள வாத்தியார் வீட்டில் நான் பிள்ளை பார்த்தனான். அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து பழகியதில் சிங்களம் என் வாயில் ஒட்டிக்கொண்டது. பெரியமடுவில் வேறு ஒருவருக்கும் அது தெரியாது. செக்பொயின்றில் எங்கள் சனம் மாட்டிக்கொண்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆமிக்காரன் கேட்பதைச் சனத்துக்குச் சொல்வேன், சனம் சொல்வதை ஆமிக்காரனுக்குச் சொல்வேன். ஒரு சொல் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. என் வாயால் எத்தனையோ பிள்ளைகள் வீடு திரும்பியிருக்கிறார்கள். அதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. சொல்லி வைக்கிறேன்.

தங்கையா விறகுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. எந்தப் பக்கத்து ஆட்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூத்தவன் சின்னராசா மீசை முளைக்கும் முன்பே தானாகப் போய் இயக்கத்தில் சேர்ந்தான். அவன் வரவில்லை, மாலை போட்ட படம் ஒன்று வந்தது. பிறகு எனக்கு யோகராசா மட்டும்தான். இதைச் சொன்னால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். உங்களுடைய முகத்தைப் பார்த்தால் போதாது போலிருக்கிறது.

யோகராசாவுக்கு வயல் பிடிக்கவில்லை. அரிப்பு என்கிற கடற்கரை ஊருக்குப் போய்க் கடல் தொழிலுக்கு நின்றான். கரைவலை இழுப்பான், படகில் ஏறுவான், கிழமை முழுக்க அங்கே நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வருவான். அங்கே பிரான்சிஸ்கா என்று ஒரு பிள்ளை. படகுக்காரரின் மகள். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். கருப்பாய், கெட்டிக்காரியாய், எதையும் நேரே பார்த்துக் கேட்கிற பிள்ளை. அவளைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்ல எனக்கு இல்லை.

அவனுக்கு இடுப்பில் நோவு தொடங்கியது அந்த நாட்களில்தான். விடிய எழும்பும்போது உடம்பு பலகை மாதிரி விறைத்திருக்கும். சுவரைப் பிடித்துப் பிடித்து எழும்புவான். வலை இழுக்கத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் இளகிவிடும். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சும்மா படுத்தால் கூடிவிடும். இதைக் கண்டுபிடித்தது நானில்லை, பிரான்சிஸ்கா. அவள்தான் அவனை மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டியவள். எக்ஸ்ரேயில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் அந்த டாக்டர், ஓய்ந்திருந்தால் கூடி, அசைந்தால் குறைகிற நோவு சாதாரண இடுப்பு நோவு இல்லை, கொழும்பில் எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னாராம். எக்ஸ்ரே கண்ணுக்குப் படாத பழுது அதில் படுமாம்.

பிரான்சிஸ்கா தானும் கொழும்புக்கு வரப்போவதாக நின்றாள். கலியாணத்துக்கு முன் ஒரு குமர்ப்பிள்ளை அப்படி வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டேன். உனக்குச் சிங்களமும் வராது, நீ வந்து என்ன செய்யப்போகிறாய் என்றும் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "அப்ப நீங்கள் எல்லாத்தையும் வடிவாக் கேட்டுக்கொண்டு வாங்கோ மாமி" என்றாள். கலியாணம் பேசி முடியும் முன்பே மாமி என்றுதான் கூப்பிடுவாள்.

ஹலீமின் வான் வண்டியில் போனோம். ஹலீம் மன்னார் உப்புக்குளத்துப் பிள்ளை. தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை இயக்கம் வெளியேறச் சொன்னபோது சின்னப் பையனாகப் பெற்றோரோடு ஊரை விட்டுப் போய், புத்தளத்தில் வளர்ந்து, பாதை திறந்த பிறகு திரும்பி வந்து வான் ஓட்டிக்கொண்டிருந்தவர். நல்ல மனிசன். வழியில் மதவாச்சியில் நிறுத்தித் தேத்தண்ணி வாங்கித் தந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, "நானும் உள்ள வரட்டோ அம்மா? எனக்கும் சிங்களம் நல்லா வரும், டாக்டர்மார் வேகமாப் பேசினா உங்களுக்கு விளங்காமப் போகும்" என்றார். வேண்டாம் தம்பி, நீங்கள் வாகனத்தைப் பாருங்கோ என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.

எம்.ஆர்.ஐ எடுக்கும் இடத்தில் ஒரு பெடியன் கேள்வி கேட்டான். நெஞ்சுக்குள் மெஷின் வைத்திருக்கிறதா, உடம்பில் இரும்பு இருக்கிறதா, எங்கேயாவது ஷெல் துண்டு இருக்கிறதா என்று கேட்டான். அந்த மெஷின் காந்தமாம், உள்ளே துண்டு இருந்தால் இழுக்குமாம். யோகராசாவிடம் ஒவ்வொன்றாய்க் கேட்டு ஒவ்வொன்றாய்ச் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். அவனுடைய அரைஞாண் கொடியையும் வெள்ளித் தாயத்தையும் கழற்றி என் கையில் தந்தார்கள். ஒரு குழாய்க்குள் அவனை மெதுவாகத் தள்ளினார்கள். கதவுக்கு வெளியே இருந்த எனக்குச் சத்தம் கேட்டது. தட தடவென்று, நின்று, மறுபடி வேறு விதமாய்த் தட தடவென்று. நான் காதைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் என் தோளைத் தொட்டு, "பயப்பட வேண்டாம் அம்மா, அது வெறும் சத்தம்" என்றாள். அவளுக்கு அது வெறும் சத்தம்.

டாக்டர் வயதானவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துப் படத்தைப் பார்த்தார். என்னைக் கிட்ட வரச் சொல்லிக் காட்டினார். எலும்பு கறுப்பாகத் தெரிந்தது. பூட்டின் ஓரத்தில் மட்டும் வெள்ளையாய்ப் பளிச்சென்று ஒரு படர்தல். அவர் சிங்களத்தில் ஆறுதலாகச் சொன்னார். அந்தச் சொற்கள் எல்லாம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். "சுவருக்குள் ஈரம் ஊறுகிறது என்று வையுங்கள். எக்ஸ்ரே வெடிப்பு விழுந்த பிறகுதான் காட்டும். இது ஈரத்தையே காட்டும். இந்த வெள்ளை ஈரம்தான். ஓரத்தில் கொஞ்சம் அரித்திருக்கிறது, வேறு பழுது இல்லை. நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள். மகனிடம் சொல்லுங்கள், படுத்துக் கிடக்கக் கூடாது. நடக்க வேண்டும், நீந்த வேண்டும். கடல்காரன் என்றீர்களே, அதைவிட நல்லது இல்லை. தலைக்கு உயரத் தலையணை வைக்கக் கூடாது. மருந்துக் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒழுங்காகப் போட வேண்டும். கண் சிவந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். கலியாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம், நூறு வயது வரைக்கும் இருக்கலாம். அசையாமல் இருந்தால்தான் இந்த எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்."

சொல்லிவிட்டு யோகராசாவைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். சொல்லுங்கள் என்று.

யோகராசா கதிரை நுனியில் இருந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் சோறு பிசையும்போது பார்ப்பது மாதிரி.

"எலும்பை அரிச்சுப் போட்டுதாம் தம்பி" என்றேன். "அந்த வெள்ளையாத் தெரியிறது அரிச்ச இடமாம். ஆடினால் அசைஞ்சால் நொறுங்கிப் போகுமாம். படுத்திருக்கச் சொல்றார்."

அவன் முகம் விழுந்துவிட்டது. டாக்டர் அதைக் கண்டு, தைரியமாக இருக்கச் சொல்லுங்கள், இது ஒரு பெரிய விஷயம் இல்லை என்றார். நான் அதைச் சொல்லவில்லை.

"கடலுக்குப் போகலாமோ எண்டு கேளுங்கோ அம்மா" என்றான்.

நான் டாக்டரிடம் குளிசையைக் காலையிலும் போட வேண்டுமா என்று கேட்டேன். அவர், காலையிலும் இரவிலும் என்று தலையை ஆட்டினார். நான் மகனிடம் திரும்பி, "வேண்டாமாம்" என்றேன்.

"கலியாணம்?"

அதை அவன் மெல்லக் கேட்டான். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நான் டாக்டரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மறுபடி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதைப் பிறகு பேசுவம்" என்று மகனின் கையைப் பிடித்து எழுப்பினேன். டாக்டர் அவன் தோளில் தட்டினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர் தன் மருந்துக்கு நன்றியாக அவன் சிரித்தான் என்று நினைத்திருப்பார். அவனோ, டாக்டர் இரக்கப்பட்டுச் சிரிக்கிறார் என்று நினைத்திருப்பான்.

திரும்பி வரும்போது ஹலீம், டாக்டர் என்ன சொன்னவர் என்று கேட்டார். பிள்ளை நித்திரை, எழுப்ப வேண்டாம் என்றேன். யோகராசா நித்திரை கொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் தண்ணீர் வழிய இருந்தான்.

பிறகு நான் அவனை நன்றாகத்தான் பார்த்தேன், டாக்டர் பிள்ளை. அதை ஊரில் யாரிடமும் கேட்கலாம். இலவம்பஞ்சில் மெத்தை அடித்தேன். தலைக்கு இரண்டு தலையணை வைத்தேன், உயரமாய், சுகமாய் இருக்கட்டும் என்று. படுக்கையிலேயே துடைத்துவிட்டேன், படுக்கையிலேயே சோறு தீத்தினேன். குளிசையும் கொடுத்தேன். முதலில் ஒழுங்காகத்தான் கொடுத்தேன். ஆனால் குளிசை போட்டால் அவனுக்கு நோவு விட்டுவிடும். நோவு விட்டால் எழும்பிப் பார்ப்பான், வாசல் வரைக்கும் போவான், அரிப்பு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு நிற்பான். அதனால் காலைக் குளிசையை விட்டேன். பிறகு இரவுக் குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தேன். நோவு அவனைப் படுக்க வைத்தது. நான் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிவிடுவேன். "அம்மா இல்லாட்டில் நான் என்ன செய்வன்" என்பான். தாய்க்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

பிரான்சிஸ்கா வந்தாள். பஸ்ஸும் நடையுமாய் அவ்வளவு தூரம் வந்து, அந்தப் படத்தைத் தாங்கோ மாமி, மன்னாரில் டாக்டரிடம் காட்டுவம் என்றாள். வானில் விடுபட்டுப்போச்சு என்றேன். அவள் போய் ஹலீமைக் கேட்டிருக்கிறாள். திரும்பி வந்து, வானில் இல்லையாம் என்றாள். அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் விட்டிருப்பேன் என்றேன். அந்தப் படம் காகிதம் மாதிரி எரியாது. சுருண்டு, உருகி, அடுப்படி முழுக்க நாறும். சாம்பலைக் கிணற்றடி வாழைக்குப் போட்டேன்.

கடைசித் தடவை வந்தபோது அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே அவனிடம் போனாள்.

"எழும்புங்கோ" என்றாள். "என்ர தோளைப் பிடியுங்கோ. கிணத்தடி மட்டும் நடந்து போட்டு வருவம்."

"நொறுங்கிப் போகுமாம் பிரான்சிஸ்கா."

"நொறுங்கட்டும். நான் பொறுக்கி எடுக்கிறன். எழும்புங்கோ."

எழும்பினான். அவளைப் பிடித்துக்கொண்டு போனான். ஒரு தடவை போனார்கள், இன்னொரு தடவை போனார்கள். மூன்றாவது தடவை அவளை விட்டுவிட்டுத் தனியாகவே நடந்தான். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். வேர்வையோடு சிரித்துக்கொண்டு, "அம்மா, நோவு குறையுது" என்றான். அந்தச் சிரிப்பைச் சின்னராசா போன பிறகு நான் அவனில் கண்டதில்லை. நான் சந்தோஷப்படவில்லை. பொய் சொல்லிப் பழகவில்லை, அதனால் இதையும் உள்ளபடி சொல்கிறேன்.

அவள் பஸ்ஸுக்குப் போன பிறகு அவன் பக்கத்தில் இருந்தேன். டாக்டர் சொன்ன இன்னொன்றை உன்னிடம் மறைத்தனான், உன் மனம் தாங்காது என்றுதான் மறைத்தனான் என்றேன். இப்படி நடந்தால் கொஞ்சக் காலத்தில் இரண்டு காலும் இழுத்துவிடும், மூத்திரம் போவதுகூடத் தெரியாது, கட்டிய பெண்ணுக்குப் பிள்ளை கொடுக்கவும் ஏலாது, ஆயுள் முழுக்க அவள்தான் பீ மூத்திரம் அள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னவர் என்றேன். அவன் கூரையைப் பார்த்தபடி, "அவளுக்குச் சொல்லிவிடுங்கோ, இனி வரவேண்டாமெண்டு" என்றான். நான் போகச் சொல்லவில்லை. அவன்தான் சொன்னான். நான் சொல்லியனுப்பினேன், அவ்வளவுதான். பிரான்சிஸ்கா ஒரு வருஷம் பொறுத்திருந்தாள் என்று கேள்வி. பிறகு படகில் இந்தியாவுக்குப் போனவர்களோடு போய்விட்டாள். அங்கே முகாமில் கலியாணம் கட்டி இரண்டு பிள்ளைகளாம். நல்லாய் இருக்கட்டும்.

கொழும்புப் பாதை மூடியது. குளிசை முடிந்தது. ஒரு மழைக்காலத்தில் அவனுடைய வலது கண் கோவைப்பழம் மாதிரிச் சிவந்தது. வெளிச்சம் பட்டால் துடித்தான். கண் சிவந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் காட்டினால், காட்டிய இடத்தில் முதுகைப் பற்றியும் கேட்பார்கள். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்து விட்டேன். கொஞ்சநாளில் சிவப்பு மாறியது. பார்வை திரும்பி வரவில்லை. இதற்கு நான் வருத்தப்படுகிறேன்.

பிறகு இயக்கத்துக்காரர் சண்டைக்கு ஆள் எடுக்க வந்தார்கள். வீட்டுக்கு ஒருத்தர் என்று கேட்டு வீடு வீடாய் வந்தார்கள். என் வீட்டுக்கு வந்தவர்களில் ஒரு பெடியன், யோகராசாவைவிட இளையவன், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். "அண்ணை, ஒருக்கா எழும்புங்கோ பாப்பம்" என்றான். யோகராசா எழும்பப் பார்த்தான். கையை ஊன்றினான், ஒருக்களித்தான், முகம் கோணியது, முடியவில்லை. அந்தப் பெடியன் அவன் முதுகில் கையை வைத்து அழுத்திப் பார்த்தான். "இவர் சரிவரமாட்டார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு ராக்கம்மாவின் மகனைக் கொண்டுபோனார்கள். எங்களுக்குத் தண்ணீர் அள்ளித் தருகிற பிள்ளை அது. திரும்பி வரவில்லை. ராக்கம்மாவும் மலைநாட்டுக்காரி. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நீ குடுத்து வச்சவ பாலம்மா, ஒம் புள்ள படுத்துக் கெடக்குறான்" என்று அழுதாள்.

அன்றைக்குத்தான் நான் செய்தது சரி என்று எனக்கு உறுதியானது. நீங்களும் யோசித்துப் பாருங்கோ. அவன் கடலுக்குப் போயிருந்தால் கடலில் சுட்டிருப்பார்கள். அரிப்பில் நின்றிருந்தால் ஆமி சுற்றிவளைப்பில், முகத்தை மூடிக்கொண்டு ஆட்காட்டுகிற தலையாட்டியின் முன் நிறுத்தியிருப்பார்கள். பெரியமடுவில் நடமாடியிருந்தால் ராக்கம்மாவின் மகன் போன இடத்துக்குப் போயிருப்பான். எங்கள் குறிச்சியில் அவன் வயதுப் பெடியன் வேறு ஒருத்தனும் இன்றைக்கு உயிரோடு இல்லை.

ஊரை விட்டுச் சனம் கிளம்பியபோது அவனை மெத்தையோடு ட்ராக்டர் பெட்டியில் ஏற்றினேன். பிறகு இடம் இடமாய். மற்றவர்கள் ஷெல் கூவினால் பங்கருக்குள் குதிப்பார்கள். அவன் உடம்பு வளையாது, பங்கர் வாய்க்குள் இறங்காது. வெளியே நிலத்தில் கிடப்பான். நான் அவன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொள்வேன். அப்போது ஒருநாள் என் காதில் சொன்னான்: "அம்மா, நான் ஓடக்கூடியவனா இருந்திருந்தா உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பன்." சத்தத்தில் எனக்குக் கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்த முள்ளுக்கம்பி முகாமிலிருந்து விட்டபோது பெரியமடுவுக்கே வந்தோம். இப்போது அவன் தலை கவிழ்ந்து நாடி நெஞ்சில் முட்டுகிறது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்க அவனால் முடியாது. நிலத்தைப் பார்த்துத்தான் பேசுகிறான். அது எனக்கு ஒருவகையில் லேசாக இருக்கிறது.

இடையில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். கொழும்புக்குப் போனது எந்த வருஷம் என்று. நான் கேட்காதது மாதிரி மற்றதைச் சொல்லிக்கொண்டு போனேன். நீங்களும் விட்டுவிட்டீர்கள், ஆனால் மறக்கவில்லை. உங்களுடைய கண்ணில் அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது.

இரண்டாயிரத்து மூன்று. மாசி மாதம்.

ஓம். சண்டை நிறுத்தம் வந்து பாதை திறந்திருந்தது. அதனால்தானே ஹலீம் வந்து வான் ஓட்டினார், நாங்களும் கொழும்புக்குப் போனோம். ஒரு வெடிச் சத்தம் இல்லை. எங்கள் வீட்டுக்கு ஒருத்தரும் வந்து பிள்ளை கேட்கவில்லை. மறுபடி சண்டை வரும் என்று அந்த மாசியில் யாரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. கோயில் திருவிழாவுக்கு தூர ஊர்களிலிருந்தெல்லாம் சனம் வந்தது. சண்டை பிறகுதான் வந்தது. வந்து, நான் செய்ததற்கு ஒரு காரணத்தையும் கொண்டுவந்து தந்தது. நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அந்த டாக்டரின் அறையில் என் மனதில் சண்டை இருக்கவில்லை, டாக்டர் பிள்ளை. சித்திரையில் கலியாணம் என்று பேசியிருந்தார்கள். பெண் வீட்டில் அரிப்பில் அவர்களுக்கென்று ஒரு வீடு கட்டிக் கூரை போட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவோம் மாமி என்று பிரான்சிஸ்கா சொல்லியிருந்தாள். அவன் நடக்கலாம், நீந்தலாம், நூறு வயது வரைக்கும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிக்கொண்டு போகப் போக, நான் இருக்கிற வீட்டில் இனிச் சாகும் வரைக்கும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பானையில் ஒரு ஆளுக்குச் சோறு. வேறு ஒன்றும் இல்லை. நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன்.

நீங்கள் யாருக்குச் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கோ. அவனுக்குச் சொல்வதென்றாலும் சொல்லுங்கோ. உங்களுக்குத் தமிழ் இருக்கிறது, என்னைக் கேட்கத் தேவையில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் இனியும் பயிற்சி கொடுக்கலாம், மூச்சு விடுகிறது லேசாகும், இடுப்புப் பூட்டுக்கு ஒப்பரேஷன் இருக்கிறது என்றெல்லாம் நீங்கள் காலையில் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நல்ல விஷயம். நான் தடையாக நிற்கப்போவதில்லை.

நீங்கள் அனுப்பிய நர்ஸ் பிள்ளை மத்தியானம் வந்து அவனை எழுப்பினாள். கட்டில் விளிம்பைப் பிடித்துப் பிடித்து யன்னல் வரைக்கும் நடத்தினாள். அவனும் நடந்தான். இன்னும் ஒருக்கா போவமோ என்றுகூடக் கேட்டான். அந்தப் பிள்ளை அடுத்த வாட்டுக்குப் போன பிறகு, நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணை இரண்டையும் வைத்து, அவனைப் படுக்கப் பண்ணிவிட்டுத்தான் இங்கே வந்தேன். மெத்தக் களைத்துப் போயிருந்தான், டாக்டர் பிள்ளை. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.